மாதுளையில் தொங்கிய பொட்டலம்

மாதுளைக் கிளையில் தனபாக்கியம் கட்டியிருந்த பதியனை யாரோ பிய்த்தெறிந்திருந்தார்கள். தனிக்குடித்தனம் போகும்போது தான் வளர்த்த மரத்தின் கன்று ஒன்றாவது கூட வரட்டும் என்று பட்டையை வளையமாகச் சீவி, ஈர நார்த்தூள் அப்பி, கிளையிலேயே வேர்விடும்படி பாலித்தீன் சுற்றிக் கட்டியிருந்தாள். அப்போதுதான் விட்டிருந்த வெள்ளை வேர்கள் வெயிலில் சுருண்டு கறுத்துவிட்டன.

“நான்தான் பிச்சேன்” என்றாள் கொழுந்தன் மனைவி ராஜாமணி, தன் அறை ஜன்னலில் நின்றபடி. “செய்வினையை மரத்துல கட்டி வச்சிட்டீங்க. என் புள்ளைக்கு ஏன் காய்ச்சல் விடலன்னு நான் கோயில் கோயிலா அலையறேன்.”

தனபாக்கியத்துக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. கத்தியை எடுத்துவந்து, அந்த ஜன்னலை உரசி நின்ற கிளையில் பட்டையைச் சீவினாள். நார்த்தூள் வைத்து, பாலித்தீன் சுற்றிக் கட்டினாள். அதோடு நிற்காமல் மேலே சிவப்புத் துணியைச் சுற்றி, குங்குமத்தை அள்ளிப் பூசி, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கோத்துத் தொங்கவிட்டாள்.

“இப்பத் தொட்டுப் பாருடி.”

ராஜாமணியின் முகம் வெளுத்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பிள்ளை முனகும் சத்தம் கேட்டது.

தனபாக்கியம் முடிச்சை இன்னொருமுறை இழுத்து இறுக்கினாள்.