ஒன்று எடுத்தால் ஒன்று

புதையல் வேட்டை ஆட்டத்துக்காகப் விலங்குத் தோல் வணிகர்களின் பழைய மரக்கோட்டைக்குள் ஒளித்திருந்த பெட்டியை, போன் காட்டிய அம்புக்குறியைத் தொடர்ந்து ஓடெட் கண்டுபிடித்தாள். உள்ளே அவள் கணவன் காஸ்தோனின் கையுறை இருந்தது. அவளே பின்னியது. போன குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனி உடைந்து மூழ்கிச் செத்தபோது அவன் அணிந்திருந்தது. இன்னும் ஈரமாக, கதகதப்பாக இருந்தது.

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும் அண்ணி! ஏமாத்தக் கூடாது!" என்று வெளியே சிகரெட்டோடு நின்ற கொழுந்தன் ரெமி கத்தினான்.

அவள் எதையும் வைக்காமல் கையுறையோடு திரும்பினாள். வாசல் இருந்த இடத்தில் மரச்சுவர் நின்றது. சுற்றிச்சுற்றி வந்தாள். எங்கே நின்றாலும் அம்புக்குறி அவளையே காட்டியது.

"அண்ணே, அண்ணி எங்க?" என்று வெளியே ரெமி கேட்டான்.

"வருவாடா. எதையும் விட்டுட்டு வர அவளுக்கு மனசு வராதே," என்றான் காஸ்தோன்.

கையுறையைத் திரும்ப வைத்தால் வாசல் வந்துவிடும், அவன் போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே காஸ்தோன் சிரித்தான்.

ஓடெட் வெறும் பெட்டியை மூடினாள்.