சேவுகன் அம்பலம் குடித்த கஞ்சி

மூன்றாம் தடவையாக அழகி கஞ்சிக் குவளையை நீட்டினாள். சேவுகன் அம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயில் வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச்சொல்லி எத்தனை பேர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. நேற்றும் அவர் பல்லில் எதுவும் படவில்லை.

கார்த்திகைப் புயலில் கண்மாய்க் கரை உடைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முதலில் கீழத்தெருப் பக்கம்தான் உடைந்தது. உடைப்பு அகன்றுகொண்டே போய், சாயங்காலத்துக்குள் மேலத்தெரு ஓட்டுவீடுகளும் இடுப்பளவு தண்ணீரில் நின்றன.

மேட்டில் இருந்த லுத்தரன் கோயில் ஒன்றுதான் நனையவில்லை. கீழத்தெருக்காரர்கள் கல் சுமந்து கட்டிய கோயில் அது. மேலத்தெருக்காரர்கள் அதன் படியை மிதித்தது இதுதான் முதல் தடவை.

புதுக்கோட்டைச் சபையார் அரிமளம் வரைக்கும் லாரியிலும், அங்கிருந்து தலைச்சுமையாகவும் கோதுமை ரவையும் பால் பவுடரும் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடல் கடந்த தேசத்துச் சபைகள் முன்னமே அனுப்பியிருந்த கம்பளிகளும் வந்தன. யார் என்ன சாதி என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்து ஊற்றும்படி உபதேசியார் ஞானமணி சொல்லிவிட்டார்.

மேலத்தெருப் பெண்கள் நேற்றுக் காலையில் தயங்கினார்கள். பிள்ளைகள் அழுததும் வாங்கிக் குடித்தார்கள்.

மேலத்தெருவுக்குத் தலைவரான அம்பலம் மட்டும் குடிக்கவில்லை.

“உசுரே போனாலும் நம்ம கையால குடிக்க மாட்டாரு” என்றான் செல்லமுத்து. அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம்கூட இல்லை. அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகளையும் நேற்றுத்தான் புதைத்திருந்தார்கள்.

கீழத்தெருவில் மொத்தம் நான்கு சாவு. செல்லமுத்துவின் பிள்ளைகள், கண் தெரியாத முத்துமாரியம்மாள், அப்புறம் அழகியின் புருஷன் அடைக்கலம்.

கண்மாய் மடையைத் திறந்து மூடுவது அடைக்கலத்தின் வேலை. அன்று காலை அவன் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் கரையைப் பார்த்து ஓடியதை நாலைந்து பேர் பார்த்திருந்தார்கள். உடைப்பை அடைக்கப் போய்த் தண்ணீரோடு போய்விட்டான் என்று தெருவே சொன்னது.

அடக்கத்தின்போது உபதேசியாரும் அதையேதான் சொன்னார். தன் ஜனங்களுக்காக உயிரைக் கொடுத்தவன் என்றார். செல்லமுத்து ஈரமண்ணில் உட்கார்ந்து, அழகியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

புருஷனைப் புதைத்த கையோடு அவள் அண்டா முன்னால் வந்து நின்றாள். போய்ப் படு என்று பெண்கள் சொன்னதைக் கேட்கவில்லை. ஈர விறகு புகைய, ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள் குவளையை அம்பலத்தின் முன்னால் தரையில் வைத்தாள். கையில் வாங்க மனமில்லாவிட்டால் எடுத்தாவது குடிக்கட்டும் என்று வைத்தாள்.

அவள் திரும்புவதற்குள் அம்பலம் வாயைத் திறந்தார்.

“இங்கிட்டு வா ஆத்தா.”

அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அழகி கிட்டே போய் நின்றாள்.

“கரை தானா ஒடையலை. நான்தான் வெட்டச் சொன்னேன். மேலத்தெரு முங்கிப் போகும்னு பயந்துட்டேன். கீழ்க்கரையில நாலு முழம் வெட்டுனாப் போதும், தண்ணி பொட்டல்ல பாஞ்சு போயிரும்னு நெனச்சேன்.” அவர் குவளையைத் தள்ளி வைத்தார். “இந்தக் கஞ்சி எனக்கு எப்படி எறங்கும்? செல்லமுத்தைக் கூப்புடு. அவங்கிட்டச் சொல்லிப்புடுறேன். என்னைய என்ன செஞ்சாலும் சரி.”

அழகி உள்ளே எட்டிப் பார்த்தாள். பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிய இடத்தில் இரண்டு தெருப் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். செல்லமுத்து ஒரு கம்பளியை உதறி, அம்பலத்தின் பேத்திக்குப் போர்த்திவிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்து குவளையை எடுத்தாள். அம்பலத்தின் இரண்டு கைகளுக்குள்ளும் அதை வைத்து அழுத்தினாள்.

“சொன்னா, வெட்டுனது யாருன்னு கேப்பாங்க” என்றாள், மெதுவாக. “நீங்க மம்பட்டி புடிக்கிற ஆளு இல்லேன்னு எல்லாத்துக்கும் தெரியும்.”

அம்பலம் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

“எங்க வீட்டுக்காரக எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக. ஐயா சொல்லு, தட்ட முடியாதுன்னாக. நானும் தடுக்கலை.” அவள் குரல் இன்னும் தணிந்தது. “எம் பிள்ளைக இந்தத் தெருவுலதான் வளரணும். குடிங்க.”

அம்பலம் குவளையைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். பாதி வேட்டியில் சிந்தியது.

முதலில் பார்த்தது ஒரு மேலத்தெருப் பெண். அவள் பக்கத்தில் இருந்தவளைத் தொட்டாள். பிறகு எல்லோருமே பார்த்தார்கள்.

உபதேசியார் ஞானமணியின் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தெருவுக்கு வந்து பதினெட்டு வருஷமாக அவர் ஜெபித்துவந்தது இந்த ஒன்றுக்காகத்தான். கைகளைக் கூப்பி, “ஸ்தோத்திரம், ஆண்டவரே” என்றார். ஜனங்களும் சொன்னார்கள்.

அழகி அதைச் சொல்லவில்லை. அண்டாவுக்குத் திரும்பிப் போய் அகப்பையை எடுத்தாள்.

செல்லமுத்து எழுந்து வாசலுக்கு வந்தான். அம்பலத்தின் கையிலிருந்து காலிக் குவளையை வாங்கிக்கொண்டான்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லவாங்கய்யா?”