இது கடிக்கும்!

"நாயைப் பிடிங்க! கிட்ட விடாதீங்க, என் நாய் கடிக்கும்!"

பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்ததுமே மோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத வெள்ளை. அதில் நடப்பது தூக்கத்திலேயே நடக்கிற மாதிரி சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தைக் கெடுக்கவென்றே, பனி மூடுகிற நாளாகப் பார்த்து இந்தப் பெண் வந்துவிடுகிறாள்.

யாரோடும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். எந்த நாய் எதிரே வந்தாலும் மணல்மேட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். நாயைக் கட்டிய கயிற்றில் மஞ்சள் நாடா வேறு. 'என் நாய்கிட்ட வராதே' என்று அதற்கு அர்த்தம்.

"என் பிக்கிள் ஒண்ணும் பண்ண மாட்டான்மா! சும்மா மோந்து பாத்துட்டு வந்துடுவான்!" மோரீன் பதிலுக்குக் கத்தினாள். இந்தக் கரையில் அவள் தினமும் கத்துவது இதைத்தான்.

"உங்க நாய் பண்ணாது. என் நாய் பண்ணுமே! கூப்பிடுங்க!"

"கடிக்கிற நாயை எதுக்கு நாலு பேர் நடக்கிற இடத்துக்குக் கூட்டிட்டு வர்றே? வீட்ல பூட்டி வை!"

பிக்கிளா நிற்பான்? அவன் யார் பேச்சைக் கேட்டிருக்கிறான்? குட்டைக் கால்களால் மணலை வாரி இறைத்துக்கொண்டு பனிக்குள் ஓடி மறைந்தான்.

மோரீன் என்னதான் வீறாப்பாகப் பேசினாலும், வீட்டில் அவளுக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். "டேய், பிக்கிள்!" என்று மூச்சிரைக்க ஓடினாள்.

குரைப்பே கேட்கவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால், பிக்கிள் துரை மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்ற அந்தச் சாம்பல் நாய் அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் வால் ஆட்டம் நிற்கவே இல்லை.

"இதுவா கடிக்கும்?" மோரீன் இடுப்பில் கை வைத்தாள். "பச்சைப் பொய்! எதுக்கும்மா எங்களை எல்லாம் இப்படி விரட்டுறே? நாங்க என்ன திருடங்களா?"

அந்தப் பெண் கயிற்றைக் கையில் சுருட்டி நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அழகான நாயைக் கண்டால் மோரீனுக்குக் கை சும்மா இருக்காது. கோட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். சாம்பல் நாய் உட்கார்ந்தது. இடது காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, ஏதோ இடுக்கு வழியாக வாங்குவது போல மூக்கை மட்டும் கொடுத்தது.

மோரீனின் கை அப்படியே நின்றது. வெட்டவெளியில் இடுக்கு ஏது?

இப்படி வாங்கித் தின்கிற நாய் ஒன்றைத்தான் அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ட்ரெவரின் நாய். வேலிப் பலகைச் சந்தில் மூக்கை நுழைத்து வாங்கும். ஆனால் அது ஒட்டி உலர்ந்துபோன நாய், இப்படித் தேறியதல்ல. காணாமல் போய்விட்டது என்று அவன் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறான்.

நாய்க்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழுத்தில் விலக்கிப் பார்த்தாள். சங்கிலி உராய்ந்து முடி போன இடம் வளையமாகத் தெரிந்தது.

"டஸ்டி..."

அந்தப் பெண் அழுதே விட்டாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பார்சல் கொடுக்கப் போனப்ப பாத்தேன். கொட்டுற மழையில, கொல்லையில சங்கிலியோட கிடந்துச்சு. எலும்பும் தோலுமா. புகார் சொல்லிப் பாத்தேன், யாரும் வரலை. அதான் அவுத்துக் கூட்டிட்டு வந்துட்டேன். திரும்ப அங்க போனா செத்துடும்மா. யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னுதான் பனி நாளா பாத்து வர்றேன். கடிக்கும்னு சொன்னாத்தான் யாரும் கிட்ட வர மாட்டாங்க."

மோரீன் கம்பளிச் சட்டையைக் கழுத்து மூட இழுத்துவிட்டாள். டஸ்டி ஊளையிட்டபோதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவள் அவள். ஒரு பிஸ்கட் போட்டால் தீர்ந்தது பாவம் என்று இருந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஈர மணலில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. தூண்டிலுக்குப் புழு தோண்ட யாரோ வாளியோடு வருகிறார்கள்.

"யாரு, மோரீனா?" ட்ரெவரின் குரலேதான். "யாரோட பேசிட்டிருக்கே? அது என்ன நாய்? நம்ம நாய் உசரம் இருக்கே!"

டஸ்டி அந்தப் பெண்ணின் கால்களுக்கு நடுவே ஒடுங்கியது. பனிக்குள் ட்ரெவரின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது.

மோரீன் பிக்கிளை வாரி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த கயிற்றை, மஞ்சள் நாடா தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். பிறகு கரையே அதிரக் கத்தினாள்:

"அங்கேயே நில்லு ட்ரெவர்! கிட்ட வராதே, இது கடிக்கும்!"