கவுண்டரில் எடுத்த வீடியோ

வீடியோவை அழித்துவிட்டேன், ஆனால் அதற்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

மலிவுக் கட்டண விமானத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாவின் பை, அரைக் கிலோ கூடுதலாக இருந்தது.

“எல்லாம் மருந்துதான் தம்பி...”

“மருந்துன்னா எடை இருக்காதா? பணத்தக் கட்டுங்க, இல்ல வீட்டுக்குக் கிளம்புங்க” என்றார் கவுண்டர்க்காரர்.

அந்த அம்மா அழுதுவிட்டார்.

“நல்லா அழுங்க. அதுக்கு மட்டும்தான் நாங்க காசு வாங்குறதில்ல.”

ஆத்திரத்தில் படமெடுத்து, ‘இவனெல்லாம் மனுஷனா?’ என்று போட்டுவிட்டேன்.

இப்போது அந்த ஆள் என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனபோதுதான், அப்பாவை அப்படிப் பார்த்தேன்.

“வேலை போச்சுடா கண்ணு. இதப் போட்டவன் யாருன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமா?”