மூன்றாவது மீட்டர்

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் பதினைந்து அடி இறங்கியதும், மகள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். சரியா?

கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். அவரும் வேண்டாவெறுப்பாக வளையம் காட்டினார். சரி.

ஆறு வருடத்தில் மகளுக்கு அவர் சொன்ன முதல் பதில் அது. வாயில் காற்றுக்குழாய் இருந்ததால் இதெல்லாம் பேச்சில் சேராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

படகிலேயே அவள் விதிகளைச் சொல்லியிருந்தாள், வேறு யாருக்கோ சொல்வதுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டு.

"கீழ நான் கேட்டா பதில் சொல்லியே ஆகணும். எதையும் தொடக்கூடாது, சுரண்டக்கூடாது, துடைக்கக்கூடாது. யாரா இருந்தாலும் இதுதான்."

சொல்லிவிட்டு இடுப்புப் பட்டையில் ஒரு மஞ்சள் துணியைச் செருகிக்கொண்டாள். கடலுக்கடியில் போய்த் தூசி தட்டப்போகிறாளாக்கும் என்று அவர் மனதுக்குள் நொடித்துக்கொண்டார்.

கீழே கிடந்தது அவருடைய கப்பல். அந்தப் பயணிகள் கப்பலின் எஞ்சினை முப்பத்தோரு வருடம் கட்டி மேய்த்தவர் அவர். வயதாகிவிட்டது என்று அதை ஓரங்கட்டியபோது, கரையில் நிறுத்திக் காட்சிக்கு வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

கடலில் இறக்கினால் மீன்களுக்கு வீடாகும் என்று அறிக்கை எழுதியது, கடல்வளத் துறையில் வேலை பார்க்கும் அவர் மகள். மூழ்கடிக்கும் பொத்தானை அமுக்கியதும் அவளேதான். படத்தோடு பேப்பரில் வந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. அவள் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்திருந்தாலும், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல் என்று மனைவியிடம்தான் சொல்வார். நடுவில் தந்தியடித்து அலுத்துப்போன மனைவி ஒருநாள் ஒரே போடாகப் போட்டாள். திட்டுவதாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அறுபத்தாறு வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே நான்கு மாதம் முங்கிப் பழகினார். இன்றைக்கு அவர் வந்ததே குற்றம் கண்டுபிடிக்கத்தான்.

அறுபது அடியில் கப்பலின் விலா தெரிந்தது. ஆள் புகும் அளவுக்குச் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தார்கள். வயிற்றெரிச்சலோடு அதில் ஒன்றின் வழியாக உள்ளே நுழைந்தார்.

எஞ்சின் அறை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவருக்கு அங்கே வழி தெரியும். ஆனால் அந்த அறைக்குள் அவர் ஒருநாளும் வெயிலைப் பார்த்ததில்லை. இப்போது வெட்டிய ஓட்டைகள் வழியாக அது சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. எஞ்சின் தலைமேல் செம்மஞ்சளாகப் பவளம் பிடித்திருந்தது. குழாய்களுக்கு நடுவே பொடிமீன்கள் கும்பல் கும்பலாகப் போயின.

அவருடைய நாற்காலி இருந்த மூலையில் ஒரு பெரிய களவாய் மீன் கிடந்தது. பணி நேரத்தில் உன்னை யார் உள்ளே விட்டது என்பதுபோல அவரை முறைத்தது. தொந்திகூட ஏறக்குறைய அவருடையதுதான்.

சிரித்துவிட்டார். முகக்கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது.

சரியா? மகள் கேட்டாள்.

சரி. இந்த முறை வளையம் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

பழக்கதோஷத்தில் கை எஞ்சினை நோக்கிப் போனது. வேலைக்கு ஏறும்போதெல்லாம் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது அவர் வழக்கம். தொடப்போகும் நேரத்தில் நிறுத்திக்கொண்டார். கை வைக்க இடமில்லை. ஓர் அங்குலம் விடாமல் ஏதோ ஒன்று உயிரோடு இருந்தது.

இதையா கொன்றுவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்? அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்கிற ஆளில்லை அவர். ஒரு குற்றமாவது கிடைக்காதா என்று மீட்டர் பலகையின் பக்கம் திரும்பினார்.

வரிசையாக ஐந்து மீட்டர்கள் இருந்த பலகை. முதலாவதைச் சிப்பிகள் மூடியிருந்தன. இரண்டாவது இருந்த இடமே தெரியவில்லை. நான்கும் ஐந்தும் பாசிக்குள் போய்விட்டன.

மூன்றாவது பளிச்சென்று இருந்தது.

எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர். கண்ணாடியில் பொட்டுப் பாசி இல்லை. முள் பூஜ்யத்தில் நின்றது, எண்களை எல்லாம் படிக்க முடிந்தது. பள்ளி விடுமுறையில் அவரோடு கப்பலேறும் ஆறு வயதுக்காரி, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்று தினமும் துடைத்த மீட்டர் அது. மற்ற நான்கும் அப்பாவுக்கு, இது உனக்கு என்று அவர்தான் பிரித்துக் கொடுத்திருந்தார்.

கடலுக்குள் ஒரு கண்ணாடியைப் பத்து நாள் துடைக்காமல் விட்டால் மூடிக்கொண்டுவிடும். கப்பலின் அடிப்பக்கம் சுரண்டி அலுத்த அவருக்கு அது தெரியாததா. இங்கே ஆறு வருடம் ஆகியிருந்தது.

திரும்பிப் பார்த்தார். படகில் அவ்வளவு சட்டம் பேசியவள், இடுப்பிலிருந்த மஞ்சள் துணியைக் கையால் மறைத்துக்கொண்டு மிதந்தாள்.

அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே வளையம் காட்டினார். சரி.

பிறகு கையை நீட்டினார். அவள் துணியைக் கொடுத்தாள். துடைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. இருந்தாலும் துடைத்தார்.

மேலே வந்து படகில் ஏறி உட்கார்ந்ததும் வாயிலிருந்த குழாயைக் கழற்றினார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துணியைப் பிழிந்து, உதறி, நான்காக மடித்து அவளிடம் நீட்டினார்.

"அடுத்த தடவை ரெண்டு துணியா எடுத்துட்டு வாம்மா."