கலங்கரை விளக்கத்துச் சாவி

"ஒன்றரை மாசமாவா ஒரு சாவியைத் தேடுறீங்க?"

அதிகாரியம்மா கேட்டதும் வழிகாட்டி தலையைச் சொறிந்தார்.

பாதுகாக்கப்பட்ட கடற்கரை அது. மணல்மேட்டில் இருநூறு வருஷத்துக் கலங்கரை விளக்கம். ஜனங்கள் வருவதே அதைப் பார்க்கத்தான். அதன் சுற்றுச்சுவர்க் கதவில் பூட்டு தொங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்திருக்கோம் மேடம், பதினோரு பேர்!" ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் எகிறினார். "கேட்டா, சாவி தொலைஞ்சிருச்சு, அந்தப் பக்கமா சுத்திப் போய்க் கடலைப் பாருங்கங்கிறார். கடலைப் பார்க்க வழிகாட்டி எதுக்கு?"

நியாயமான கேள்விதான்.

புகார்ப் புத்தகத்தில் அவருடையது நாற்பத்தோராவது. அத்தனையும் இதே வழிகாட்டி மேல். ஆபீசில் 'மறதி' என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிகாரியம்மா பொறுப்பேற்றுப் பத்து நாள்தான் ஆகிறது. குரலைத் தாழ்த்தினார்.

"எட்டு வருஷமா தற்காலிகமா இருக்கீங்க. வேலையை நிரந்தரம் பண்ற ஃபாரம் என் மேஜையில இருக்கு. இன்னைக்கு சாயந்தரம் அனுப்பியாகணும். இத்தனை புகாரை வச்சுக்கிட்டு நான் என்னன்னு எழுதுறது?"

வழிகாட்டிக்கு வீட்டு ஞாபகம் வந்தது. 'நல்ல சேதியோட வாங்க, இல்லேன்னா வீட்டுப் பக்கமே வராதீங்க' என்று மனைவி காலையில் சிரித்துக்கொண்டே அனுப்பியிருந்தாள்.

"பூட்டை உடைங்க" என்றார் அதிகாரியம்மா.

காவலாளி சுத்தியலோடு வந்தார். வழிகாட்டி ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், பத்தே நிமிஷம். கெஞ்சிக் கேக்குறேன்."

"பார்த்தீங்களா திமிரை!" என்றார் தலைமையாசிரியர்.

வழிகாட்டி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. திரும்பிக் கதவிடுக்கில் கண்ணை வைத்தவர்தான், அசையவே இல்லை.

"நகருப்பா, எனக்கு வேலை இருக்கு" என்று காவலாளி சுத்தியலை ஓங்கினார்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு சின்னப் பறவை தட்டுத்தடுமாறி எழும்பியது. விழப்போய், சமாளித்து, இறக்கையை அடித்து அடித்து, கடலைப் பார்த்துப் பறந்தே போய்விட்டது.

"போயிருச்சு! அடி சக்கை, கடைசியும் போயிருச்சு!"

குதித்த வழிகாட்டி, தன் சட்டைப் பையிலிருந்தே சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"அடப்பாவி! பையிலேயா வச்சிருந்தே?" காவலாளி வாயைப் பிளந்தார்.

உள்ளே மணல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். உடைந்த முட்டையோடுகள்.

"ஆலாப் பறவை மேடம். வெறும் மணல்லதான் முட்டை போடும். முப்பத்திரண்டு குஞ்சு. ஒண்ணு விடாம பறந்திருச்சு!"

"இதை ஆபீஸ்லயாவது சொல்லியிருக்கலாமே?"

"போன வருஷம் சொன்னேனே! 'முட்டைகள் இருக்கு, உள்ளே போகாதீங்க'ன்னு பெரிசா போர்டு வச்சாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் போட்டோ எடுக்க அத்தனை பேரும் சுவரேறிக் குதிச்சாங்க. ஒரு முட்டைகூடத் தப்பலை. சாவி தொலைஞ்சிருச்சுன்னா என்னைத்தானே திட்டுவாங்க? திட்டிட்டுப் போயிடுவாங்க மேடம்."

தலைக்கு மேலே வானமெல்லாம் இறக்கை. பஸ்ஸில் வந்த பதினோரு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம், அந்தப் புத்தகத்தைக் கொடுங்க. நான் எழுதினதை அடிச்சிடறேன்."

"தொடாதீங்க சார். அது அப்படியே இருக்கட்டும்."

வேலை போனதுதான் என்று வழிகாட்டிக்குத் தோன்றியது. குஞ்சுகள் பிழைத்தன, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அன்று சாயந்தரம் போன ஃபாரத்தில், 'நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கும் காரணம்' என்ற இடத்தில் அதிகாரியம்மா எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"இவர் மீது மனிதர்கள் கொடுத்த புகார்கள் நாற்பத்தொன்று. பறவைகள் தரப்பில் ஒன்றுகூட இல்லை."