மார்கழி மொச்சையின் விலை

1930ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், புதன்கிழமை, காலை ஆறே முக்கால் மணி, தூறல் விட்டபாடில்லை. பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் மொச்சையைக் குவித்துக்கொண்டிருந்த இராஜம்மாவின் முன்னே, தொப்பியும் குறிப்பேடுமாக ஒருவர் வந்து நின்றார்.

"ஒரு காட்டி நிறை மொச்சை என்ன விலைம்மா?"

மழையால் வரத்துக் குறைந்திருந்ததால், பன்னிரண்டு காசுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். ஆனால், கொள்ளை விலை வைப்பவர்களின் லைசென்ஸ் பறிபோகும் என்று முந்தின நாள்தான் பேச்சு அடிபட்டிருந்தது.

"நாலு காசுதாங்கய்யா."

"பூசணி?"

"ரெண்டு காசு."

"இந்த மழையிலயுமா?"

"ஏழைபாழைங்க சாப்பிட வேணாமாய்யா?"

அவர் எழுதிக்கொண்டார், எதுவும் வாங்கவில்லை. இராஜம்மா கண்சாடை காட்ட, அடுத்த கடை அலமேலுவும் அதே விலைகளையே சொன்னாள்.

"வாங்காத மனுசனுக்கு வெலை எதுக்குடி?" என்றாள் அலமேலு, அவர் போனதும்.

இராஜம்மாவுக்கும் விளங்கவில்லை. மூன்று வாரமாகியும் லைசென்சைப் பற்றி யாரும் வந்து கேட்காதது இன்னும் குழப்பியது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, ரயில் பாதையில் கூலி வேலை பார்க்கும் அவள் கணவன் கன்னையா, முகம் சுண்டி வந்தான்.

"கூலியை ஏத்தச் சொல்லி மனு குடுத்தோம்ல? சந்தையில சாமான் வெலை விசாரிக்க, தொப்பி போட்ட, கணக்கெழுதுற கிராணி ஒருத்தரை அனுப்புனாங்களாம்."

இராஜம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"மழையிலயே மொச்சை நாலு காசுன்னு எந்தப் புண்ணியவதியோ சொல்லியிருக்கா. காய்கறி மலிவா இருக்காம், நாள் கூலியில அஞ்சு காசைக் கொறைச்சிட்டாங்க" என்றவன், ரயில்வே துரை கையெழுத்திட்ட உத்தரவை அவள் கையில் கொடுத்தான்.